நிழற்படம் சொல்லாததை ஒலிப்பதிவு சொன்னது

ஓர் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ள நாம் என்ன செய்கிறோம்? நிழற்படம் எடுத்துக்கொள்கிறோம். அந்த இடத்தைப் பற்றிய முழு உண்மையையும் நிழற்படம் சொல்லிவிடுமா? அமெரிக்காவில் ஒரு மலைப் புல்வெளியில் செய்யப்பட்ட ஒலிப்பதிவுகள் இக்கேள்விக்கு வியப்பான விடை தருகின்றன.

கலிஃபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா மலைத்தொடரில் லிங்கன் மெடோ என்னும் புல்வெளி இருக்கிறது. அதைச் சுற்றிலும் காடு. ஊடே ஓர் ஓடை. 1980களின் இறுதியில் இந்தக் காட்டில் மரம் வெட்ட ஒரு நிறுவனம் முன்வந்தது. காட்டை மொட்டையடிக்கப் போவதில்லை, இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தேர்ந்தெடுத்த மரங்களை மட்டுமே வெட்டுவோம், அதனால் காட்டுக்குக் கேடு வராது என்று ஊர் மக்களுக்கு உறுதி கூறியது.

பெர்னி கிரௌஸ் என்பவர் இசைக் கலைஞர். 1968 முதல் காடுகளின் ஒலியைப் பதிவு செய்து வந்தவர். மரம் வெட்டத் தொடங்குமுன், 1988 ஜூன் மாதத்தில் ஒரு விடியற்காலையில் இப்புல்வெளியின் ஒலியைப் பதிவு செய்தார். ஓராண்டு கழிந்தது. மரம் வெட்டும் வேலையும் முடிந்தது. அதே நாளில், அதே நேரத்தில், அதேபோன்ற வானிலையில் மீண்டும் சென்று பதிவு செய்தார்.

கண்ணுக்குக் காடு பழையபடியேதான் தெரிந்தது. நிழற்படங்களிலும் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் ஒலிப்பதிவோ வேறு கதை சொன்னது! முதற்பதிவில் சிட்டுகள், ராபின்கள், மரங்கொத்திகள், பூச்சிகள் என்று ஒரு கூட்டமே ஒலித்தது. இரண்டாம் பதிவில் கேட்டவை ஓடையின் சலசலப்பும், ஒரு மரங்கொத்தி தட்டும் ஓசையும்தான்.

ஒரு காலைப்பொழுதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடலாமா? கூடாது. அன்று பறவைகள் தற்செயலாகக் குறைந்திருக்கலாம் அல்லவா? ஆகவே கிரௌஸ் மீண்டும் மீண்டும் அங்கே சென்றார். 25 ஆண்டுகளில் 15 முறை சென்றும், பழைய ஒலிவளம் திரும்பவில்லை என்று 2013இல் அவர் கூறினார்.

ஒலியில் தெரிந்த மாற்றம் படத்தில் ஏன் தெரியவில்லை? நூறு மரங்கள் நிற்கும் இடத்தில் பத்து மரங்கள் குறைந்தால் நம் கண் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பறவைக்கு அப்படியல்ல. முதிர்ந்த மரம் ஒன்று விழுந்தால் கூடு கட்டும் பொந்து போகிறது. பட்டைக்குள் வாழும் புழு பூச்சிகளும் போகின்றன. படத்தில் மரம் இருக்கும். அதில் யார் குடியிருக்கிறார்கள் என்பது இருக்காது.

ஓர் இடத்தின் ஒலிகளைக் கிரௌஸ் மூவகையாகப் பிரிக்கிறார். காற்று, மழை, நீர் ஆகியவை எழுப்புவது புவியொலி. விலங்குகளும் பறவைகளும் பூச்சிகளும் எழுப்புவது உயிரொலி. மூன்றாவது, மனிதரும் அவர்தம் இயந்திரங்களும் எழுப்பும் ஒலி. லிங்கன் மெடோவில் புவியொலி அப்படியே இருந்தது, உயிரொலிதான் மறைந்தது.

இதைக் காதால் மட்டுமன்றிக் கண்ணாலும் காணலாம். ஒலியைப் படமாக வரையும் முறை ஒன்று உண்டு. அப்படத்தில் இடமிருந்து வலமாக நேரம் செல்லும். கீழிருந்து மேலாக அதிர்வெண் உயரும். ஒலி வலுவாக உள்ள இடம் அழுத்தமாகத் தெரியும். வளமான காட்டின் படத்தில் ஓர் அழகிய ஒழுங்கைக் காணலாம். ஒரு பறவை ஓர் அதிர்வெண்ணில் பாடும். ஒரு பூச்சி அதற்கு மேலே வேறோர் அதிர்வெண்ணில் ஒலிக்கும். தவளை கீழே குரல் கொடுக்கும். வானொலி நிலையங்கள் ஒன்றோடொன்று மோதாமல் தனித்தனி அலைவரிசைகளைக் கொண்டிருப்பது போலத்தான் இதுவும். லிங்கன் மெடோவின் இரண்டாம் படத்தில் இந்த வரிசைகள் பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தன.

ஓர் ஒலியைக் கேட்டவுடன் பழைய இடம் நம் மனத்தில் எழுவதையும் இங்கே எண்ணிப் பாருங்கள். மூளையில் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி உள்ளது. ஒரு நிகழ்ச்சியின் காட்சி, ஒலி, மணம், இடம் எல்லாவற்றையும் சேர்த்துப் பிணைக்க அது உதவுகிறது. அதனால் பின்னாளில் ஒன்று கிடைத்தாலும் மற்றவை கூடவே வந்துவிடுகின்றன. தகர ஓட்டில் மழை விழும் ஓசை உங்களுக்கு எந்த வீட்டை நினைவூட்டுகிறது? ஆனால் இந்த நினைவுக்கு ஒரு குறை உண்டு. ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறையும் ஒலியை அது கணக்கு வைப்பதில்லை. நேற்றுபோலவே இன்றும் இருக்கிறது என்று நம்பிவிடுகிறது. ஒலிப்பதிவு அப்படி ஏமாறுவதில்லை.

பறவையொலியைப் பதியும் கலை நூறாண்டுக்கும் மேல் பழையது. 1889இல் ஜெர்மனியில் லுட்விக் கோக் என்னும் சிறுவன் எடிசனின் மெழுகு உருளையில் ஒரு பறவையின் பாட்டைப் பதிவு செய்தான். அது நம் மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வாழும் சோலைபாடி இனத்தைச் சேர்ந்தது. ஆயினும் அது ஒரே ஒரு பறவையின் குரல். தனிப் பறவையை விட்டு முழு இடத்தையும் கேட்கவேண்டும் என்பதே கிரௌஸின் பதிவுகள் கற்பிக்கும் பாடம்.

இதை நீங்களும் செய்யலாம். ஊர்க் கண்மாயோ, பள்ளித் தோப்போ, ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, விடியற்காலையில் கைப்பேசியால் பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள். அப்போது பேசவோ நடக்கவோ வேண்டாம். நாள், நேரம், நின்ற இடம், காற்று, மழை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். குறிப்பு இல்லாத பதிவை வேறொரு பதிவோடு ஒப்பிட முடியாது. பதிவு செய்த குரலை அங்கேயே ஒலிக்கச் செய்து பறவைகளைக் கலங்கடிக்காதீர்கள். அடுத்த ஆண்டு அதே நாளில், அதே இடத்தில் மீண்டும் பதிவு செய்யுங்கள்.

லிங்கன் மெடோ இழந்தது என்ன என்பது நமக்குத் தெரிவதற்குக் காரணம், மரம் விழுவதற்கு முன்பே ஒருவர் அங்கு போய்க் கேட்டு வைத்ததுதான். விழுந்த பிறகு போயிருந்தால், அந்த அமைதியே இயல்பு என்று அவரும் எண்ணியிருப்பார். உங்கள் கண்மாயின் முதற்பதிவு இதுவரை எடுக்கப்படாமல் இருக்கலாம். அதை நாளை விடியலிலேயே எடுத்துவிடலாம் அல்லவா?