துவக்கும் மாரியும்

தமிழகத்தார் துப்பாக்கி என்பதனை யாழ்ப்பாணத்தார் துவக்கு என வழங்குவர். வன்னிக் காடேகிய பழைய வேட்டைக்காரருக்குப் பன்றியினும் பெரும்பகை ஐப்பசி, கார்த்திகை மாரியேயாம். வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்ததே அக்காலத்து மருந்து. வெடியுப்பு நீரிற் கரைவது. நனைந்த மருந்து தீப்பற்றாது. பற்றாதாயின் துவக்கும் தடியும் ஒன்றே.

இவ்வுண்மை ஓர் அரசின் விதியையே மாற்றத் துணைநின்றதுண்டு. 1757 யூன் 23ஆந் திகதி வங்காளத்துப் பிளாசிக் களத்தில் நண்பகலிற் பெருமழை பொழிந்தது. கிளைவின் படையினர் மருந்தைப் படங்கினால் மூடிக் காத்தனர். நவாபின் படையினர் அவ்வாறு காத்திலர். பகைவர் பீரங்கியும் ஊமையாயிற்றென எண்ணிப் பாய்ந்த தளபதி மீர் மதன் குண்டுபட்டு மாண்டான். வஞ்சகம் செய்ததில் எஞ்சியதை மழை செய்தது.

மருந்து தோட்டாவினுள் அடங்கிய பின்னர், நீரின் பகைமை இரும்பின்மேற் சென்றது. உப்புக்காற்று வீசும் நம் குடாநாட்டில் ஈரம் விரைந்து துருவாகும். நனைந்த துவக்கை உறையிலிடுதல் தகாது. தோலுறை ஈரத்தைப் பற்றி நிற்கும். முதலில் தோட்டாவை அகற்றி, குழலின் உள்ளும் புறமும் உலர்ந்த சீலையாற் றுடைத்து, மெல்லிதாய் எண்ணெய் பூசி, காற்றாடும் இடத்தில் வைத்தல் வேண்டும்.

ஏட்டுச்சுவடி காத்த நம் முன்னோர்க்கு இது புதிதன்று. துடைத்தலும் எண்ணெய் பூசலும் அவர் கைக்கொண்டனவே. கோடையிற் பழகாத காப்பு மாரியில் உதவாது.