பப்பில் கிட்டார் வாசிக்க லைசென்ஸ் வேணுமா? இங்கிலாந்து சட்டம் சொல்வது என்ன?

இங்கிலாந்து, வேல்ஸ் பப்களில் மாலையானால் கிட்டாரோடு ஒருவர் பாட ஆரம்பிப்பார். மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. இதுக்குமா அனுமதி வாங்கணும்?

முன்பு என்ன நிலை?

பப்பில் 2 பேர் வரை பாடினால் தனி உரிமம் தேவைப்படவில்லை. 2005 நவம்பரில் புது உரிமச் சட்டம் அமலானதும் அந்தச் சலுகை போச்சு. ஒருவர் கச்சேரி நடத்தினாலும் அனுமதி தேவை. சின்ன பப்களில் வாய்ப்பு போய்விடும் என இசைக்கலைஞர்கள் போராடினர்.

இப்போது?

2012 அக்டோபரில் லைவ் மியூசிக் சட்டம் வந்தது. காலை 8 முதல் இரவு 11 மணி வரை, மைக் இல்லாத நேரடி இசைக்கு உரிமம் வேண்டாம். மைக் வைத்தால், மது உரிமம் உள்ள பப்பில் 500 பேர் வரை ஓகே.

ஆனால் ஒன்று: அக்கம்பக்கத்தினர் சத்தம் பற்றி புகார் கொடுத்தால், உள்ளாட்சி நிர்வாகம் விசாரித்து மீண்டும் கட்டுப்பாடு விதிக்கலாம்.