சூரியக் காற்றின் எல்லை

வான்வெளி வெற்றிடம் என்று படிக்கிறோம். ஆயினும் அங்கும் ஒரு காற்று உண்டு! சூரியனிலிருந்து மின்னேற்றத் துகள்கள் விநாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் எத்திசையும் பாய்கின்றன. இதுவே சூரியக் காற்று. அண்டக் கதிர்களில் பெரும்பகுதி நம்மை அடையாமல் தடுப்பதும் இதுதான். இது எங்கே முடிகிறது?

குழாய் நீர் கல்தளத்தில் விழுவதை நாம் கவனித்திருப்போம். மெல்லிய தகடாக விரைந்து பரவும் நீர், சற்றுத் தள்ளி வேகம் குறைந்து, வளையமாக மேடிட்டுக் கலங்குகிறது. வளையம் ஓரிடத்தில் நிற்பதில்லை. சூரியக் காற்றும் அவ்வாறே. 2007 இல் வாயேஜர் 2 விண்கலம் அத்தகைய வளையத்தைப் பலமுறை கடந்தது. கலம் திரும்பி வரவில்லை. வளையமே முன்னும் பின்னும் அசைந்தது!

கொந்தளிப்பான அப்பகுதிக்கும் அப்பால்தான் எல்லை. 1977 இல் புறப்பட்ட வாயேஜர் 1, 2012 ஆகஸ்டு 25 அன்று அதைத் தாண்டிற்று. சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைப்போல் சுமார் 121 மடங்கு தொலைவு! ஆனால் அதற்கு முந்தைய வாரங்களில் சூரியப் பக்கத்துத் துகள்கள் இருமுறை குறைந்து, மீண்டும் கூடின. எல்லை மதில்போல் நேராக இராது, இருபுறத்துப் பொருளும் விரல்கள் கோத்தாற்போல் ஒன்றினுள் ஒன்று புகுந்திருக்கலாம் என்பது விஞ்ஞானிகள் சிலரின் விளக்கம். 2018 இல் வாயேஜர் 2 வேறோர் இடத்தில் வெளியேறியபோதோ, ஒரே நாளுக்குள் எல்லை கடந்துவிட்டது.