ஆபத்திலும் உதவும் அறம்: வகுப்பறையில் எப்படிக் கற்பிப்பது?

2024 ஜூலை 24 அன்று மாலை, வெள்ளகோவிலில் பள்ளிக் குழந்தைகளை வீட்டுக்கு அழைத்துச் சென்ற வேன் ஓட்டுநர் சேமலையப்பனுக்குத் திடீரென நெஞ்சுவலி வந்தது. வேனில் சுமார் 20 குழந்தைகள் இருந்தனர். வலியோடு வேனைச் சாலையோரம் பத்திரமாக நிறுத்திவிட்டு, இருக்கையிலேயே சாய்ந்தார். அவர் உயிர் பிழைக்கவில்லை. குழந்தைகள் அனைவரும் நலமாக வீடு சேர்ந்தனர். தமிழ்நாடு அரசு அவரைப் பாராட்டி, குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வழங்கியது.

இதே ஊரில் பணியாற்றும் நான் இந்த நிகழ்வை வகுப்பில் அடிக்கடி பேசுகிறேன். அப்போது, "உயிரைக் கொடுத்தால்தான் சேவையா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நாம் ஒவ்வொருவரும் விடை வைத்திருக்க வேண்டிய கேள்வி இது.

சேமலையப்பன் சாவைத் தேடிப் போகவில்லை. தினமும் செய்து பழகிய வேலையை, மிகக் கடினமான நேரத்திலும் கைவிடாமல் செய்தார். தன்னை நம்பி அமர்ந்திருப்பவர்கள் மீதான பொறுப்பே அந்தச் செயலின் அறம்.

கேரளத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில், நோய் இன்னதென்றே தெரியாத நிலையில் நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி, நிபா தொற்றி மே 21 அன்று இறந்தார். அந்தப் பாதிப்பிலிருந்து கேரள சுகாதாரத் துறை பாடம் கற்றது. 2019இல் எர்ணாகுளத்தில் ஒரு மாணவருக்கு நிபா வந்தபோது, உடனே தனிமைப்படுத்தி, பாதுகாப்பு உடையுடன் சிகிச்சை அளித்தார்கள். அவர் பிழைத்தார், வேறு எவருக்கும் பரவவில்லை. சேவை மனத்தோடு முன்னறிவும் சேரும்போது உதவுபவரும் காப்பாற்றப்படுகிறார்.

எனவே, துணிச்சலை மட்டும் புகழ்ந்து பாடத்தை முடித்துவிடக் கூடாது. நம் பகுதியில் கிணறுகளும் பி.ஏ.பி. வாய்க்காலும் உண்டு. மூழ்கும் நண்பனைக் காக்க, நீச்சல் தெரியாத பிள்ளை குதித்தால் இரு உயிர்கள் போகும். "சத்தம் போட்டுப் பெரியவர்களைக் கூப்பிடு, கயிறோ துண்டோ வீசு, காலி கேனை எறி, நீ குதிக்காதே" என்று சொல்லிக் கொடுங்கள். தறிக்கூடங்கள் நிறைந்த ஊர் இது. மின்சாரம் தாக்கியவரைத் தொடும் முன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும் என்பதையும் பழக்குங்கள்.

சாலை விபத்தில் பலரைத் தயங்க வைப்பது "போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ" என்ற பயம்தான். 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம், உதவுவோரைப் பாதுகாக்கும் நெறிமுறைகளுக்குச் சட்ட வலிமை அளித்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குப் போட முடியாது; பெயர், முகவரியைச் சொல்லும்படியும் கட்டாயப்படுத்த முடியாது. கோவை–கரூர் நெடுஞ்சாலை செல்லும் நம் ஊரில், வாகனம் ஓட்டும் பெற்றோர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைச் சொல்லலாம்.

108 எண்ணை அழைத்து, இடத்தைத் தெளிவாகச் சொல்வதை வகுப்பில் நடித்துப் பழகச் செய்யுங்கள். ஐந்து நிமிடம் போதும். பயம் வருவது இயல்பு. பயத்தின் நடுவிலும் என்ன செய்யலாம் என்று தெரிந்திருக்கும் பிள்ளை, பிறர் துன்பத்தைப் பார்த்து ஒதுங்கிப் போகாது.