ஒளியில் தொங்கும் துகள்



தொய்வு நோயாளருக்கு மருந்தை ஆவிபோல் தூவும் நெபுலைசரை வைத்தியசாலையில் பார்த்திருப்பீர்கள். அதே கருவி இயற்பியல் ஆய்வுகூடத்திலும் உதவுகிறது. மிக நுண்ணிய சிலிக்கா உருண்டைகளை மதுசாரத்தில் கலந்து அதன் வழியே தூவுகிறார்கள். துளி காய்ந்ததும் மிஞ்சும் உருண்டையின் வேகத்தைக் காற்று குறைக்கிறது. குவிந்த லேசர் ஒளி அதைப் பிடித்து அந்தரத்தில் நிறுத்துகிறது. பிடிபட்ட பிறகே காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்குவார்கள். காற்று மோதாததால் துகளின் அசைவை மிகத் துல்லியமாக அளக்கலாம்.

இப்படி ஒளியால் துகளைப் பிடிக்கும் ஒளிப்பொறிக்கு வழிகாட்டிய ஆர்தர் ஆஷ்கின் 2018இல், தமது 96ஆவது வயதில் நோபல் பரிசு பெற்றார். 2020இல் வியன்னா ஆய்வாளர்கள் 143 நானோமீற்றர் துகளொன்றின் அசைவை, குவாண்டம் விதி அனுமதிக்கும் கடைசி எல்லைவரை அடக்கிக் காட்டினார்கள்.