கறுப்பாகத் தெரியும் சிவப்புக் கார்

பழைய மௌனப் படங்களில் கார் பந்தயம் பார்த்திருக்கிறீர்களா? புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறக்கும் அந்தக் கார்கள் எந்த நாட்டுக் கார்கள், எந்தக் கம்பெனிக் கார்கள் என்று கண்டுபிடிப்பது அருமையான துப்பறியும் விளையாட்டு. ஆனால் உஷார்! பழைய ஃபிலிம் நிறத்திலும் ஏமாற்றும், வேகத்திலும் ஏமாற்றும்.

1914 ஜூலை 4-ஆம் தேதி பிரான்சில் லியோன் நகருக்கு அருகே நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்தையே எடுத்துக்கொள்வோம். அப்போது பந்தயக் கார்களுக்கு நாட்டுக்கொரு நிறம். பிரான்சுக்கு நீலம், ஜெர்மனிக்கு வெள்ளை, இத்தாலிக்குச் சிவப்பு, இங்கிலாந்துக்குப் பச்சை. கறுப்பு-வெள்ளைப் படத்தில் சிவப்புக் கார் எப்படித் தெரியும்? சாம்பல் நிறமாக என்பீர்கள். இல்லை, கிட்டத்தட்டக் கறுப்பாகவே தெரியும்!

எல்லாம் ஃபிலிமில் பூசிய வெள்ளி உப்புகள் செய்யும் வேலை. அவற்றுக்கு இயல்பாக நீல ஒளி மட்டுமே உறைக்கும். சாயம் கலந்து, பச்சையும் உறைக்கும்படி செய்தார்கள். சிவப்பு ஒளியோ, பட்டும் படாத மாதிரிதான். அதனால்தான் இருட்டறையில் சிவப்பு விளக்கைத் தைரியமாகப் போட்டுக்கொண்டு ஃபிலிம் கழுவினார்கள். நீலம் இதற்கு நேர்மாறு, வெளுத்துப்போய்விடும். (அந்தப் படங்களில் வானம் வெறும் வெள்ளையாக இருப்பதும் இதனால்தான்.) ஆக, இத்தாலியின் ஃபியட் கறுப்பு. பிரான்சின் பெஜோவும் ஜெர்மனியின் மெர்சிடஸும் ஏறக்குறைய ஒரே வெளுப்பு!

பிறகு எப்படிப் பிரித்துச் சொல்வது? மூக்கைப் பாருங்கள். மெர்சிடஸின் ரேடியேட்டர் நடுவில் கூராக முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். அடுத்து முன்சக்கரம். பெஜோவின் முன்சக்கரத்தில் வட்டமான பிரேக் டிரம் தெரியும். மெர்சிடஸுக்கு முன்பக்கம் பிரேக்கே கிடையாது. அப்படியும் அன்று முதல் மூன்று இடங்களும் மெர்சிடஸுக்குத்தான்!

ரெனோவைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். 1906-இல் லெ மான்ஸ் நகரில் நடந்த முதல் கிராண்ட் பிரீயை வென்ற கார் அது. அதன் ரேடியேட்டர் எஞ்சினுக்குப் பின்னால் இருந்ததால், முன்பக்கம் சறுக்குமரம் போலச் சரிந்திருக்கும்.

காரில் எத்தனை பேர் என்றும் எண்ணுங்கள். அந்தக் காலத்தில் ஓட்டுநர் பக்கத்தில் ஒரு மெக்கானிக் உட்கார்ந்திருப்பார். பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துச் சொல்வதும் அவர் வேலை. 1911-இல் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்துக்கு ரே ஹாரூன் மட்டும் தனியாளாக வந்தார். பின்னால் வருவது எப்படித் தெரியும் என்று மற்றவர்கள் சண்டைக்கு வர, தன் மார்மன் காரில் ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டார். பந்தயத்தையும் ஜெயித்தார். சராசரி வேகம் மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர்.

அந்த வேகம் திரையில் இன்னும் கூடுதலாகத் தெரியலாம். அப்போது கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்குச் சுமார் 16 படங்கள் பதிவாகும். அதை இன்றைய முறைப்படி நொடிக்கு 24 படங்களாக ஓட்டினால் எல்லாமே ஒன்றரை மடங்கு வேகம்!

வண்ணப் படம் என்றாலும் நம்பிவிடாதீர்கள். 1965-இல் வந்த 'தி கிரேட் ரேஸ்' படத்தின் வெள்ளைக் கார் நிஜப் பழைய கார் அல்ல, படத்துக்காகவே செய்தது. 1908-இல் நியூயார்க்கிலிருந்து பாரிஸ் வரை நடந்த பந்தயத்தை வென்ற தாமஸ் ஃபிளையர்தான் அதற்கு முன்மாதிரி. அந்த அசல் கார் இன்றும் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.