ஒன்றுபோல் படிந்த ஹீமோகுளோபின்

புரதத்துக்கு நிலையான எடை என்று ஒன்று உண்டா? 1920களின் தொடக்கத்தில் வேதியியலாளர் பலர் இல்லை என்றே சொல்லியிருப்பார்கள். சின்னச் சின்ன மூலக்கூறுகள் கூழ்மமாகத் திரண்டு கிடக்கின்றன, திரளுக்குத் திரள் அளவு மாறும் என்பது அன்றைய எண்ணம். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் இருந்த தியோடர் ஸ்வெட்பெர்கும் அப்படித்தான் எதிர்பார்த்தார். 1924இல் அவரும் ஹெர்மன் ரிண்டேயும் செய்த அல்ட்ராசென்ட்ரிஃப்யூஜ் என்ற அதிவேகச் சுழல் எந்திரம், சுழலும்போதே கரைசலைப் படம் பிடித்தது. மருத்துவர் ராபின் ஃபோரியஸுடன் சேர்ந்து ஹீமோகுளோபினை அதில் சுற்றவிட்டால், எல்லா மூலக்கூறும் ஒரே எடை! இரும்பின் அளவிலிருந்து போட்ட கணக்குப்படி குறைந்தபட்ச எடை ஏறத்தாழ 16,700. எந்திரம் காட்டியதோ அதைப்போல் நான்கு மடங்கு. ஒரு மூலக்கூறில் நான்கு இரும்பு அணுக்கள் என்று அர்த்தம்.

வேலை லேசானதல்ல. 1926இல் வந்த எண்ணெய் டர்பைன் எந்திரம் நிமிடத்துக்கு 42,000 சுற்று சுற்றியது. சுழலும் ரோட்டர் காற்றோடு உரசிச் சூடேறினால் கரைசல் உள்ளுக்குள்ளேயே புரண்டு அளவைக் கெடுத்துவிடும். ஆகவே அறையில் காற்றுக்குப் பதிலாகக் குறைந்த அழுத்தத்தில் ஹைட்ரஜன் நிரப்பினார்கள். வேகம் தாங்காமல் ரோட்டர்கள் வெடித்துச் சிதறியதும் உண்டு. இத்தனையும் கடந்து கிடைத்த படத்தைக் கழுவி, அதன் கருமையை அளந்து, கையால் கணக்குப் போட வேண்டும்.

இன்றைய எந்திரத்தின் உச்ச வேகம் 60,000 சுற்று. 1930களிலேயே அதைத் தாண்டிச் சுற்றிப் பார்த்துவிட்டார்கள். மாறியது மற்றதெல்லாம். நீலக்கல் ஜன்னல் வைத்த சிறு கலத்தில் இரண்டு அறைகள். ஒன்றில் அரை மில்லிலிட்டருக்கும் குறைவான மாதிரி, பக்கத்து அறையில் வெறும் கரைப்பான். நூற்றுக்கணக்கான அளவீடுகளைக் கணினியே எடுத்துப் பொருத்திப் பார்க்கிறது. படியும் வேகத்துக்கான அலகு ஸ்வெட்பெர்க், சுருக்கமாக எஸ். ஒரு நொடியைப் பத்து லட்சம் கோடியாகக் கூறுபோட்டால், அதில் ஒரு கூறு. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2000இல் வடிவத்தை விளக்கிய 30எஸ் ரைபோசோம் துண்டின் பெயரில் நிற்பதும் இந்த எஸ்தான். 30எஸ்ஸும் ரைபோசோமின் மற்றத் துண்டான 50எஸ்ஸும் சேர்ந்தால் 80 அல்ல, 70. படியும் வேகம் எடையை மட்டுமல்ல, வடிவத்தையும் பொறுத்தது.

கேள்வியும் தலைகீழாகிவிட்டது. அன்று எல்லாம் ஒரே எடை என்பது அதிசயம். இன்று மருந்து ஆலை தேடுவது ஒத்துப்போகாததை. சுமார் 1,50,000 டால்டன் எடையுள்ள எதிர்ப்பான் மருந்தில் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டவை எத்தனை சதவீதம்? மரபணு சிகிச்சைக்கான வைரஸ் கூடுகளில் சரக்கில்லாத வெறுங்கூடு எவ்வளவு? ஒட்டிய திரள் நோயாளியின் உடலில் வேண்டாத எதிர்ப்பைக் கிளப்பலாம். வெறுங்கூட்டால் சிகிச்சையே நடக்காது.

எடை மட்டும் போதுமென்றால் நிறைமாலைமானி சீக்கிரம் சொல்லிவிடும். ஆனால் அதற்கு மூலக்கூறைக் கரைசலிலிருந்து பிரித்து ஆவிநிலைக்குக் கொண்டுவர வேண்டும். கரைசலுக்குள் அது எப்படி இருக்கிறதோ அப்படியே பார்க்க, சுற்றிப் பார்ப்பதுதான் இன்னும் நம்பகமான வழி.